அக்கரைச் சீமையில் ஓய்வு நாள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சிங்கப்பூர், துபாய் என்ற பெயர்களைக் கேள்விப்படாத குழந்தை கூட இருக்காது. தெருவுக்கு ஒருவராவது கடல் கடந்து போய் இருப்பார். வெள்ளாற்றங்கரையில் உள்ள லெப்பைக்குடிக்காட்டில், வளைகுடா நாடுகளோடு தொடர்பு இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜெயங்கொண்டம், செந்துறை, குன்னம், வேப்பந்தட்டைப் பக்கத்து வாலிபர்கள் வெல்டிங், கம்பி கட்டுதல், குழாய் பொருத்துதல் முதலிய வேலைகளைக் கற்றுக்கொண்டு, "டெஸ்ட் அடித்து" விட்டுச் சிங்கப்பூருக்குப் போகிறார்கள்.

இது புதிய வழக்கம் அல்ல. அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் ராஜேந்திர சோழன். அவன் 1025-ம் ஆண்டு வாக்கில் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பினான். மலேசியாவில் உள்ள கெடாதான் அந்தக் கடாரம். அன்று படை போன திசையில் இன்று குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் பிழைப்புக்குப் போகிறார்கள்.

முன்பு நாகப்பட்டினத்தில் "ரஜுலா" கப்பல் ஏறி, நாள் கணக்கில் கடலில் மிதந்து சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது திருச்சியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் அங்கே இறங்கி விடலாம்.

போகிறவர்கள் அங்கேயே குடியேறி விடுவது இல்லை. இரண்டு வருடம் ஒப்பந்தம். முடிந்தால் இன்னும் இரண்டு வருடம். கடனை அடைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், தங்கைக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். பிறகு ஊர் திரும்ப வேண்டும். இதுதான் திட்டம்.

புறப்படும்போது ஊரே கேள்வி கேட்கும். சம்பளம் எவ்வளவு? ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தாய்? தங்க இடம் கம்பெனி கொடுக்குமா? சாப்பாட்டுக்கு என்ன வழி?

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பது இல்லை. "லீவு நாளில் என்ன செய்வாய்?" என்பதே அந்தக் கேள்வி.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பெரிய விஷயம்தான்! போனவர் எப்படித் திரும்பி வருகிறார் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அந்த ஒரு நாள்தான்.

104 நாட்கள்

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 52 வாரம். இரண்டு வருடத்துக்கு 104 வாரம். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் மொத்தம் 104 நாட்கள். அதாவது, ஏறக்குறைய மூன்றரை மாதம்!

ஒவ்வொரு ஓய்வு நாளிலும் தூங்குவதற்கு 8 மணி நேரம் போகட்டும். துணி துவைக்க, சமைக்க, அறையைக் கூட்ட 4 மணி நேரம் போகட்டும். மிச்சம் 12 மணி நேரம். இரண்டு வருடத்தில் 1,248 மணி நேரம். நாளைக்கு 8 மணி நேர வேலை என்று பார்த்தால், 156 வேலை நாட்களுக்குச் சமம்.

மற்ற ஆறு நாளும் அவர் கையில் இல்லை. விடியும் முன்பே எழுந்திருக்க வேண்டும். பொட்டலத்தில் வந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு லாரியில் ஏற வேண்டும். சூப்பர்வைசர் சொன்ன இடத்தில் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். "ஓ.டி." முடித்துத் திரும்பும்போது இரவு ஆகிவிடும்.

ஆறு நாள் முதலாளி சொன்னபடி நடக்கிறது. ஏழாம் நாள் ஒன்றுதான் தொழிலாளி சொன்னபடி நடக்கிறது. அந்த ஒரு நாளையும் கோட்டை விட்டால், அவருக்கு என்று என்ன இருக்கிறது?

போராடிப் பெற்ற நாள்

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த இனாம் அல்ல. போராடி வாங்கிய உரிமை.

பம்பாய் நூல் மில்களில் ஒரு காலத்தில் வார விடுமுறை கிடையாது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை வேலை. நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் தொழிலாளர்களை ஒன்று சேர்த்தார். கூட்டம் போட்டார். மனுக் கொடுத்தார். பல ஆண்டுகள் விடாமல் போராடினார். கடைசியில் 1890-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு மில் முதலாளிகள் சம்மதித்தார்கள்.

பிறகு உலகம் முழுவதும் இந்த உரிமை பரவியது. 1921-ம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் ஒப்பந்தம் செய்தது. தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் ஏழு நாளைக்கு ஒரு முறை, தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இந்தியா 1923-ம் ஆண்டிலேயே அதை ஏற்றுக்கொண்டது.

சிங்கப்பூர்ச் சட்டமும் கட்டடத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்கிறது. ஐக்கிய அரபு நாடுகளில் 2022-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டமும் அப்படியே சொல்கிறது. அங்கே ஓய்வு நாளில் வேலை வாங்கினால், மாற்று ஓய்வு நாள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றையச் சம்பளத்தோடு, அடிப்படைச் சம்பளத்தில் பாதியாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது. ஆனால் நாள் இருக்கிறதா?

விற்கப்படும் ஞாயிறு

பலர் தங்கள் ஓய்வு நாளை விற்று விடுகிறார்கள். காரணம் இல்லாமல் அல்ல. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் வட்டிக்கு வாங்கியது. நகையை அடகு வைத்தது. நிலத்தின் பேரில் எழுதியது. முதல் வருடச் சம்பளத்தில் பெரும் பகுதி அந்தக் கடனுக்கே போய்விடுகிறது. "ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனால் நாலு காசு கூட வருமே!" என்று நினைப்பதில் என்ன தப்பு?

தப்பு இல்லை. ஆனால் விலை தெரிந்து விற்க வேண்டும்.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓய்வு நாளில் வேலைக்கு வரும்படி முதலாளி கேட்டு, தொழிலாளி அரை நாளுக்கு மேல் வேலை செய்தால், அன்றைக்கு இரண்டு நாள் சம்பளம். தொழிலாளி தானாகவே கேட்டுப் போய் அதே வேலையைச் செய்தால், ஒரு நாள் சம்பளம்தான். யார் கேட்டார்கள் என்ற ஒரு வார்த்தையில் ஒரு நாள் கூலி அடங்கி இருக்கிறது! இது தெரியாமல் "நானே வருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் நஷ்டப்படுவார்.

பணத்தை விடப் பெரிய நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. அது உடம்பு. பத்து மாடி உயரத்தில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்கிறவருக்கு ஒரு விநாடி கண் அசந்தால் போதும். வெல்டிங் செய்கிறவர், கிரேனுக்குக் கீழே நிற்கிறவர், மின்சாரக் கம்பி இழுக்கிறவர் எல்லோருக்கும் இதே கதிதான். வளைகுடா வெயிலோ உயிரைக் குடிக்கும் வெயில். ஐக்கிய அரபு நாடுகளில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அரசாங்கமே தடை போட்டு இருக்கிறது. அந்த வெயிலில் ஆறு நாள் நின்ற உடம்புக்கு ஏழாம் நாளும் ஓய்வு இல்லை என்றால் தாங்குமா?

உழவு மாட்டைக் கூட நம் குடியானவர்கள் நுகத்தடியிலிருந்து அவிழ்த்து விட்டு, தண்ணீர் காட்டி, நிழலில் கட்டுகிறார்கள். மாட்டுக்குக் காட்டும் இரக்கத்தை மகனுக்குக் காட்ட வேண்டாமா?

தேக்காவில் கூட்டம்

ஓய்வு நாளை விற்காதவர்கள் என்ன செய்கிறார்கள்?

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சிராங்கூன் ரோட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் அந்த இடத்தைத் "தேக்கா" என்று சொல்வார்கள். ஊர்த் திருவிழா போலக் கூட்டம். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் பிடிக்கிற இடம் அதுதான். வாரம் முழுவதும் ஆளுக்கு ஒரு மூலையில் வேலை செய்கிற அண்ணன் தம்பிகள் அங்கேதான் முகம் பார்த்துக்கொள்கிறார்கள்.

வீரமாகாளியம்மன் கோவிலில் விளக்கு ஏற்றுவார்கள். சீனிவாசப் பெருமாளைக் கும்பிடுவார்கள். முஸ்லிம் அன்பர்கள் அங்கூலியா பள்ளிவாசலில் தொழுவார்கள். 1947-ம் ஆண்டிலிருந்து நடக்கும் கோமள விலாஸ் போன்ற ஓட்டல்களில் இலை போட்டுச் சாப்பிடுவார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவார்கள். "தமிழ் முரசு" வாங்கி, ஊர்ச் செய்தி வந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு எல்லாம் ஊர்ப் பேச்சுதான். இந்த வருடம் மக்காச்சோளம் எப்படி? சின்ன வெங்காயம் பட்டறையில் அழுகாமல் இருக்கிறதா? முந்திரி காய்ப்பு எப்படி?

வெளியே போகாதவர்கள் விடுதியிலேயே கூட்டுச் சமையல் செய்வார்கள். ஆறு நாள் பொட்டலச் சாப்பாடு தின்று செத்துப்போன நாக்குக்கு, அன்று வைக்கும் கறிக்குழம்பு தேவாமிர்தம். நல்ல கைப்பக்குவம் உள்ளவர் ஒருவர் அறையில் இருந்தால் அவருக்குத் தனி மரியாதை!

இதை எல்லாம் வீண் பொழுது என்று சொல்லக் கூடாது. நாலு பேரோடு தாய்மொழியில் பேசிச் சிரிக்கிறவருக்குத் தனிமை என்ற நோய் அவ்வளவு சீக்கிரம் வராது.

இரண்டு பாடங்கள்

ஓய்வு நாள் தவறான வழியில் போனால் என்ன ஆகும்? அது இல்லாமலே போனால் என்ன ஆகும்? இரண்டையும் சிங்கப்பூர் பார்த்து இருக்கிறது.

2013-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. அதே தேக்கா பகுதியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்து போனார். கூடி இருந்தவர்களுக்கு ஆத்திரம் மூண்டது. சிலர் குடித்து இருந்தார்கள். கல் பறந்தது. போலீஸ் வண்டிகள் எரிந்தன. 25 பேர் மீது வழக்குப் போட்டார்கள். 50 பேருக்கு மேல் நாட்டை விட்டே அனுப்பப்பட்டார்கள். நிலத்தை அடகு வைத்து வந்தவர்கள், ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்து வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அதன் பிறகு 2015-ம் ஆண்டு புதிய மதுச் சட்டம் வந்தது. தேக்கா பகுதியில் சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் மது குடிக்கத் தடை போடப்பட்டது.

இது ஒரு பாடம்.

2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கொரோனா நோய் தொழிலாளர் விடுதிகளுக்குள் புகுந்தது. விடுதிகள் அடைக்கப்பட்டன. அங்கே இருந்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்த வருடக் கடைசிக்குள் நோய் தொற்றி விட்டது. பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் தேக்கா போக முடியாது. கோவிலுக்குப் போக முடியாது. சினேகிதர்களைப் பார்க்க முடியாது. விடுதியை விட்டு வெளியே போவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் முழுவதும் தளர இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. சம்பளம் வந்தது. சாப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை! மனம் உடைந்து போனவர்கள் பலர்.

இது இரண்டாவது பாடம். மனிதன் சம்பளத்தால் மட்டும் உயிர் வாழ்வது இல்லை.

வெள்ளிக்கிழமை நாடுகள்

வளைகுடாவில் கதை சற்று வேறு. சவுதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன் ஆகிய நாடுகளில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அதனால் அங்கே கிறிஸ்தவத் தொழிலாளர்கள் ஞாயிறு ஆராதனையை வெள்ளிக்கிழமையே நடத்திக்கொள்வதும் உண்டு. ஐக்கிய அரபு நாடுகளில் 2022-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் மத்திய அரசாங்க அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை ஆயிற்று. வெள்ளிக்கிழமை அரை நாள். அதைப் பார்த்துப் பல கம்பெனிகளும் மாறின.

சிறுவாச்சூர் மதுர காளியம்மன் கோவில் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான் திறந்து இருக்கும் என்பது பெரம்பலூர் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் மனைவி சிறுவாச்சூரில் மாவிளக்குப் போடும் நேரத்தில், குவைத்தில் உள்ள கணவர் வாரத்தில் ஒரு நாள் அயர்ந்து தூங்கிக்கொண்டு இருப்பார். இருவருக்கும் அது ஒரே வெள்ளிக்கிழமைதான்!

வளைகுடாவில் கோடை காலத்தில் வெளியே நடமாட முடியாது. தொழிலாளர் முகாம்கள் ஊருக்கு வெளியே இருக்கின்றன. கடைத்தெருவுக்குப் போக பஸ் செலவு ஆகும். ஆகவே பலருக்கு ஓய்வு நாள் என்பது கட்டிலும் கைப்பேசியும்தான். ஓர் அறையில் பல பேர் இருந்தும் ஆளுக்கு ஒரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு தனித்தனியாகப் படுத்து இருப்பார்கள். இதுதான் மிகவும் ஆபத்து. சிலர் கைப்பேசியிலேயே பணம் கட்டிச் சூதாட ஆரம்பிக்கிறார்கள். படுத்த இடத்திலேயே சம்பளம் கரைந்து விடுகிறது.

குளிர் காலத்தில் மணல் திடலில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள், ஒன்றாகச் சேர்ந்து சமைக்கிறவர்கள், தொழுகை முடிந்து ஊர்க்காரர்களோடு பிரியாணி சாப்பிடுகிறவர்கள் புத்திசாலிகள். அவர்கள் அறையை விட்டு வெளியே வந்து விட்டார்கள்.

பெண்களின் ஓய்வு

வீட்டு வேலைக்குப் போகிற பெண்களின் நிலை இன்னும் சிரமம். அவர்களுக்கு வேலை செய்யும் இடமும், தூங்கும் இடமும் ஒரே வீடு. வீட்டுக்குள் இருக்கும் வரை, "அம்மா, ஒரு டீ போடு" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு ஓய்வு நாள் என்றால் கதவைத் தாண்டி வெளியே வருவதுதான்.

குவைத்தில் 2015-ம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலைக்காரர்களுக்கு வார ஓய்வு நாள் கொடுத்தது. சிங்கப்பூரில் 2013-ம் ஆண்டு முதல் வார ஓய்வு வந்தது. ஆனால் காசு கொடுத்து அந்த நாளை வாங்கி விடும் வழக்கம் இருந்தது. ஆகவே 2023-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல், மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடு கட்டக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். அந்த நாளை விற்க அந்தப் பெண்ணே விரும்பினாலும் விற்க முடியாது!

நல்ல சட்டம். ஏனென்றால், ஏழையின் கையில் உள்ள எதையும் பணம் வாங்கி விடும். சில பொருள்களை விலைக்கு இல்லை என்று சட்டம்தான் சொல்ல வேண்டும்.

ஊரில் இருப்பவர்கள் கவனிக்க

ஓய்வு நாள் நன்றாகக் கழிவதும் கழியாததும் பாதி ஊரில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஒரு வாரம் காத்து இருந்து அவர் கைப்பேசியில் கூப்பிடுகிறார். எடுத்த உடனே இங்கே என்ன பேச்சு? "என்னங்க, கூட்டுறவுச் சங்கத்திலே கடனைக் கேட்டு ஆள் வந்தாங்க." "அண்ணே, வண்டிக்கு டியூ கட்டணும்." "தம்பி, கீற்றுக் கொட்டகை ஒழுகுதுப்பா." எல்லாம் உண்மையான கஷ்டங்கள்தான். ஆனால் வாரா வாரம் இதுவே பேச்சானால், அடுத்த வாரம் கூப்பிடவே அவருக்குப் பயம் வந்து விடும். "வேலை அதிகம்" என்று சாக்குச் சொல்வார். அல்லது, கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையையும் விற்று விடுவார்.

பணப் பேச்சை மாதம் ஒரு முறை, சம்பளம் வந்த மறுநாள் பேசலாம். ஓய்வு நாளில் குழந்தையின் பேச்சைக் கேட்கட்டும். பள்ளிக்கூடத்தில் எழுதிய வாய்ப்பாட்டைக் காட்டட்டும். வைக்கோல் போரில் பூனை குட்டி போட்ட சேதியைச் சொல்லட்டும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவு 9 மணி என்றால் இங்கே மாலை 6.30. துபாய் நம்மை விட ஒன்றரை மணி நேரம் பிந்தியது. அங்கே இரவு 9 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே 10.30; குழந்தை தூங்கி இருக்கும். துபாயிலிருந்து பிற்பகல் 4 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே 5.30. பள்ளிக்கூடம் விட்டு வந்து குழந்தை விளையாடிக்கொண்டு இருக்கும். சவுதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரம் பிந்தியவை. அங்கே 4 மணி என்றால் இங்கே 6.30. இந்தக் கணக்கை வீட்டுச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அவர் தன் கஷ்டத்தை மறைக்கிறார். இவர்கள் தங்கள் கஷ்டத்தை மட்டும் சொல்கிறார்கள். இரண்டும் மாற வேண்டும். "இன்றைக்கு ஓய்வு எடுத்தீங்களா? என்ன சமைச்சீங்க? யாரோடு பேசினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த மூன்று கேள்விக்கும் செலவு ஒன்றும் இல்லை.

என்ன செய்யலாம்?

முதலாவது: கடன் இருக்கும் வரை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகட்டும். மிச்சம் இரண்டையும் எந்த விலைக்கும் விற்கக் கூடாது. கடன் தீர்ந்த பிறகு நான்கும் அவருக்கே சொந்தம்.

இரண்டாவது: வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு வருடத்தில் 104 மணி நேரம் ஆகிவிடும். அதில் வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் பேசக் கற்கலாம். கட்டட வரைபடம் படிக்கக் கற்கலாம். சிங்கப்பூரில் உயர்ந்த திறமை உள்ளவர் என்று பதிவான தொழிலாளிக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி குறைகிறது. ஆகவே திறமையை வளர்த்துக்கொண்டவரை வைத்துக்கொள்ளவே முதலாளி விரும்புவார். கூலியாகப் போனவர் மேஸ்திரியாகத் திரும்பலாம்.

மூன்றாவது: செலவுக்கு ஒரு வரம்பு வேண்டும். சிங்கப்பூரில் டாலரை "வெள்ளி" என்பார்கள். ஓய்வு நாளுக்கு 20 வெள்ளி வீதம் குடிக்குச் செலவு செய்தால் இரண்டு வருடத்தில் 2,080 வெள்ளி காலி! அதே பணத்தைச் சேர்த்து வைத்தால் ஒரு கறவை மாட்டுக்கு மேலேயே வாங்கலாம்.

நான்காவது: காசு இல்லாத சந்தோஷங்களைத் தேட வேண்டும். சிங்கப்பூர்ப் பொது நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. உள்ளே உட்கார்ந்து படிக்கக் காசு வேண்டாம். குளிர்சாதன வசதியும் உண்டு. அங்கே 2014-ம் ஆண்டு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு கவிதைப் போட்டி தொடங்கினார்கள். முதலில் வங்காளிகளுக்காக நடந்தது. பிறகு தமிழ்த் தொழிலாளர்களும் எழுதினார்கள். சாந்துக் கரண்டி பிடித்த கை பேனாவும் பிடிக்கும் என்று காட்டினார்கள்.

ஐந்தாவது: உதவி கிடைக்கும் இடங்களை ஓய்வு நாளிலேயே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சம்பளம் வராவிட்டாலோ, அடிபட்டாலோ எங்கே போவது? சிங்கப்பூரில் தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் சேர்ந்து 2009-ம் ஆண்டு ஏற்படுத்திய வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது. மற்ற நாடுகளில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. கஷ்டம் வந்த பிறகு தேடுவதை விட, கஷ்டம் வரும் முன்பே விலாசத்தை எழுதி வைப்பது நல்லது.

அரசாங்கத்தின் கடமை

அரசாங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போகிற, பத்தாவது தேறாத தொழிலாளர்கள் இந்திய அரசாங்கத்தின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூருக்கு அது தேவை இல்லை. ஆகவே நம் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போகும் ஏராளமான வாலிபர்கள், ஏஜெண்ட் சொன்னதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாமலே விமானம் ஏறுகிறார்கள்.

தமிழ்நாட்டு அரசாங்கம் ஜனவரி 12-ந் தேதியை அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறது. மகிழ்ச்சி. அதோடு, பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாதம் ஒரு நாள், வெளிநாடு போகிறவர்களுக்கு வகுப்பு நடத்த வேண்டும். போகும் நாட்டின் ஓய்வு நாள் சட்டம், ஓய்வு நாள் வேலைக்கு உரிய சம்பளம், முறையிடும் இடம், பணம் அனுப்பும் முறை ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும். போய் வந்து ஊரில் இருப்பவர்களையே ஆசிரியர்களாக வைக்கலாம். அவர்களை விட நன்றாக யார் சொல்ல முடியும்? மனைவியும் பெற்றோரும் கூட அந்த வகுப்பில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவரை வரவேற்க விமான நிலையத்துக்குக் காரில் போகிறோம். பெட்டி எத்தனை, தங்கம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறோம். பெட்டியைத் தூக்குகிற ஆள் எப்படி இருக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். முதுகு நிமிர்ந்து இருக்கிறதா? கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா? குழந்தையின் முகம் பார்த்த உடனே சிரிக்கத் தெரிகிறதா?

இருந்தால், அவர் தன் ஓய்வு நாளை விற்காமல் காப்பாற்றி இருக்கிறார் என்று அர்த்தம். அதை விடப் பெரிய சம்பாத்தியம் வேறு இல்லை.